பின் பொருந்துச்சு... கம்ப்யூட்டர் எழுந்திருக்கலை!

கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் போடப் போறீங்களா பாஸ்? பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி, இந்த அப்பாவியோட கதையைக் கேட்டுட்டுப் போங்க!

கம்மாபுரத்தில் எங்க வீட்டு கம்ப்யூட்டர், ஆறாம் தலைமுறை ஐ3. போர்டு, ஹெச்110. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 வேணும்னா, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தகுதி. சரி, ப்ராசஸரை மட்டும் மாத்திடலாம்னு கணக்குப் போட்டேன். என் போர்டு சாக்கெட்டில் 1151 பின். எட்டாம் தலைமுறை ஐ5-8400-க்கும் அதே 1151. வேறென்ன வேணும்?

அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தந்த நாலாயிரத்தோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "போர்டு மாடல் என்ன தம்பி?"ன்னு கடைக்கார அண்ணன் கேட்டார். "1151தாண்ணே"ன்னு கெத்தா சொன்னேன். "பழைய சரக்கு, திருப்பி எடுக்க மாட்டோம்"னார். மண்டையை ஆட்டினேன்.

வீட்டில் மாட்டினா, கச்சிதமா உட்கார்ந்தது. ஃபேன் சுத்துச்சு. திரை மட்டும் கும்மிருட்டு!

விஷயம் இதுதான். 2017-ல் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வந்தப்போ, இன்டெல் 1151 என்ற எண்ணிக்கையை வெச்சுக்கிட்டு, பின்களோட வேலையை மாத்திடுச்சு. மின்சாரத்துக்குக் கூடுதல் பின்கள். அதுக்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேணும். ஹெச்110 ஏழாம் தலைமுறையோட நின்னுடும்.

பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டற எங்கப்பா எட்டிப் பார்த்தார். "நாங்க மோட்டாரைத் தொடறதுக்கு முன்னாடி அதுல அடிச்சிருக்கிற பிளேட்டைப் படிப்போம். நீ படிக்கலையாடா?" மூணாவது வருஷ இன்ஜினீயரிங் படிப்பு தலை குனிஞ்சு நின்னுச்சு.

அதனால மக்களே, முதல்ல பிளேட்டைப் படிங்க! விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி 'எம்எஸ்இன்ஃபோ32'னு ஆங்கிலத்தில் டைப் பண்ணா, போர்டு மாடலும் பயாஸ் வெர்ஷனும் வரும். போர்டு கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைத் தேடுங்க. நீங்க வாங்கற ப்ராசஸர் பேர் அதில் இருக்கணும். பக்கத்திலேயே எந்த பயாஸ் வெர்ஷன் வேணும்னு போட்டிருக்கும். ஏஎம்டி ஆளுங்க இதைக் கட்டாயம் பார்க்கணும். பழைய பி450 போர்டில் ரைசன் 5 5600 ஓடும். ஆனா பயாஸைப் புதுப்பிக்கணும். பழைய ப்ராசஸரைக் கழட்டறதுக்கு முன்னாடியே அதை முடிச்சிடுங்க.

பழைய ஐ3-யே இப்பவும் ஓடிட்டிருக்கு. ஐ5 டப்பாவில் தூங்குது. குழுக் கடனில் நாலு தவணை பாக்கி. அம்மா இதுவரை ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாகூடப் பரவாயில்லை பாஸ்!