எதைக் கொண்டு சொல்கிறாய்?

வரலாறு படிக்கும் மாணவனை நம் வீடுகளில் சற்று இரக்கத்தோடுதான் நோக்குவர். மருத்துவம் கற்றவன் உயிரைக் காப்பான். பொறியியல் கற்றவன் பாலம் கட்டுவான். மறைந்துபோன மன்னர்களைக் கற்றவன் என்ன செய்வான் என்பது பெரியவர்களின் ஐயம். அதற்குரிய விடை வகுப்பறையில் எனக்குக் கிடைக்கவில்லை. நெறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் தனித்து ஆராய்ந்த சில மாதங்களில்தான் கிடைத்தது.

முதுகலையின் இறுதிப் பருவத்தில் பொருளை நானே தேர்ந்து, சான்றுகளை நானே தேடி, ஆய்வேட்டை நானே எழுத வேண்டியிருந்தது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நெறியாளரைக் காண வேண்டும், அவ்வளவே. இராசிபுரத்தை அடுத்த எங்கள் சிற்றூர்ப் பள்ளிவாசலின் மானிய நிலத்தைப் பொருளாகக் கொண்டேன். அது திப்பு சுல்தான் அளித்தது என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி. அதைக் கூறியதும் நெறியாளர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. “எதைக் கொண்டு சொல்கிறாய்?” என்று மட்டும் கேட்டார்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நபிமொழியைத் திரட்டிய அறிஞர்கள், சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று சங்கிலியாகக் கேட்டுக் கேட்டே ஒவ்வொன்றையும் பதிவு செய்தனர். 1377ஆம் ஆண்டில் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மூஸா நபியின் காலத்தில் இஸ்ரவேலரின் படை 6 லட்சத்துக்கும் மேற்பட்டது என்று முன்னோர் எழுதியதைக் கண்டு, அத்துணைப் பெரும்படை அந்த நிலப்பரப்பில் அணிவகுத்துப் போரிட இயலுமா என்று வினவினார். சொன்னவரின் பெருமையை மட்டுமல்ல, சொல்லப்பட்டது நடக்கக்கூடியதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம்.

எங்கள் சமவெளியின் கதைக்கு வருவோம். சேலம் சீமை ஹைதர் அலியின் ஆட்சியிலும், பின்னர் திப்புவின் ஆட்சியிலும் இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கும்பினியாரின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு என்பவரின் தலைமையில் தாமஸ் மன்றோ முதலியோர் ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி விதித்தனர். அவர்களுடைய கடிதங்களும் கணக்குகளும் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்னும் பெயரில் பின்னர் அச்சாயின. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டு, மானிய நிலங்களின் உரிமை விசாரிக்கப்பட்டது. நிலத்தின் பரப்பு, மானியத்தின் நோக்கம், அனுபவிப்பவர், அளித்தவர் ஆகிய விவரங்கள் அதன் பதிவேடுகளில் எழுதப்பட்டன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே பழைய தாள்களில் இராசிபுரத்தைச் சேலம் ஜில்லாவின் கீழ்த்தான் தேட வேண்டும்.

சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பல நாள் அமர்ந்தேன். ஒருநாள் எங்கள் ஊரின் பெயர் கண்ணில் பட்டது. நிலம் இருந்தது. பள்ளிவாசலின் விளக்குச் செலவுக்கும் பராமரிப்புக்கும் உரியது என்ற குறிப்பும் இருந்தது. அளித்தவர் பெயருக்குரிய கட்டத்தில் மட்டும், ‘தெரியவில்லை’ என்றிருந்தது.

ஊரில் இதைச் சொன்னபோது பெரியத்தாவின் முகம் வாடியது. “அப்படியானால் நம் முன்னோர் பொய் சொன்னார்கள் என்றா எழுதப்போகிறாய்?” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குடும்பத்தின் கண்ணியம் ஒருபுறம். கண்ணால் கண்ட ஏடு மறுபுறம்.

அடுத்த சந்திப்பில் நெறியாளர் விடை தரவில்லை. “நீ அறிந்தவற்றைத் தனித்தனியே எழுது” என்றார். எழுதினேன்: ‘திப்பு சுல்தான் அளித்ததாகக் குடும்பத்தார் கூறுகின்றனர். பள்ளிவாசலுக்கு நிலம் உண்டு என்பதை இனாம் பதிவேடு உறுதி செய்கிறது. அளித்தவர் பெயர் அதில் இல்லை.’ மூன்று வாக்கியங்கள், மூன்றும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. பெரியத்தா அதை இருமுறை படித்துவிட்டு, “நிலம் நம் பள்ளிக்குரியது என்பதற்கு ஏடு இருக்கிறதே, அது போதுமப்பா” என்றார். வழக்கு என்று வரும்போது செவிவழிச் செய்தியைவிடப் பதிவேட்டின் ஒரு வரி எத்துணை வலிமையுடையது என்பதை அவர் என்னைவிட நன்கறிந்தவர்.

அதன் பிறகே நன்னி தன் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அரபுத்தமிழில் எழுதிய ஒரு சிறு குறிப்பேடு. பிறப்பு, இறப்பு, நிக்காஹ், வறண்ட ஆண்டுகள்; இடையே பள்ளிவாசலின் கிணற்றைத் தன் நகைகளை விற்று வெட்டுவித்த ஒரு பெண்ணைப் பற்றி நான்கு வரிகள். எந்த அரசாங்க ஏட்டிலும் நான் காணாத செய்தி அது. நெறியாளருக்கு அந்த எழுத்து தெரியாது. நன்னியிடம் நான் கற்று வந்து, அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மாணவரைப் போல் குறிப்பெடுத்துக்கொண்டு, “இது எப்போது எழுதப்பட்டது? எழுதியவர் யார்?” என்று கேட்டார். இம்முறை அக்கேள்வி எனக்கு மகிழ்ச்சியையே தந்தது.

தனித்து ஆராய்வது என்பது துணையின்றி ஆராய்வதன்று. கேள்வியை நெறியாளர் தருகிறார். ஏட்டைக் காப்பகம் தருகிறது. எஞ்சியதைத் தர வேண்டியவை நம் இல்லங்களே. கறையான் அரிக்கும் கடுதாசி என்று நாம் எரித்துவிடும் பத்திரமும், படிக்க ஆளில்லை என்று ஒதுக்கிவைத்த அரபுத்தமிழ் ஏடும் நாளை ஒரு மாணவனின் கேள்விக்கு விடையாகலாம். உங்கள் பிள்ளை வரலாறு படிக்கிறேன் என்றால் இரக்கப்படாதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டுங்கள். படிக்கத் தெரிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே திறந்து காட்டுங்கள்.