அந்த ரெண்டு ஃபைல்

பைத்தானில் நீங்க எழுதின ஏதாவது ஒரு புரோகிராமில் மேல ஒரு இம்போர்ட் வரி போட்டிருப்பீங்க. எந்த மாட்யூல் வேணும்னு கோட் எழுதும்போதே முடிவாயிடும். புரோகிராம் ஓடும்போதுதான் அது தெரியும்னா? அதுக்கு இம்போர்ட்லிப் இருக்கு. அதிலுள்ள இம்போர்ட்_மாட்யூல் ஃபங்ஷனுக்குப் பெயரை ஒரு ஸ்ட்ரிங்கா கொடுத்தா போதும், தேடிக் கொண்டுவந்து தந்துடும்.

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் முழுக்க இதை நம்பித்தான் இருந்தது. இன்டர்னல் மார்க்கை ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒவ்வொரு மாதிரி எக்செல்லில் வச்சிருப்பாங்க. அதைப் படிக்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பைத்தான் ஃபைல், எல்லாம் 'ஃபார்மட்ஸ்' என்ற ஃபோல்டரில். செட்டிங்ஸில் 'மெக்' என்று இருந்தா 'ஃபார்மட்ஸ்.மெக்' லோட் ஆகும். புது டிபார்ட்மென்ட் வந்தாலும் மெயின் கோடைத் தொட வேண்டாம். லோடரும் சிஎஸ்இ ஃபைலும் நான் எழுதினது. மெக், சிவில் என் டீம்மேட்.

ரெவ்யூ நடக்கிற லேப் மெஷினில் பைத்தான் கிடையாது. பைஇன்ஸ்டாலர் வச்சு எக்ஸி ஆக்கினோம். முதல் நாள் ராத்திரி சிஎஸ்இ மட்டும் ஓட்டிப் பார்த்துட்டுத் தூங்கிட்டோம்.

ரெவ்யூவில் சிஎஸ்இ ரிப்போர்ட் வந்தது. மெக், சிவில் காலி. பேனல் மேம், "டெஸ்ட் பண்ணலையா?"ன்னு கேட்டாங்க. "அந்த ரெண்டும் இவன் பார்த்தது மேம்"னு சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் பேசல.

அன்னிக்கு ராத்திரி கோடைத் திறந்தேன். லோடரில், இம்போர்ட் எரர் வந்தா சத்தமில்லாம தாண்டிப் போ என்று ஒரு எக்செப்ட் போட்டிருந்தேன். அதை எடுத்துட்டு மறுபடி எக்ஸி ஆக்கி ஓட்டினா, 'ஃபார்மட்ஸ்.மெக்'னு ஒரு மாட்யூலே இல்லன்னு வந்தது. பைஇன்ஸ்டாலர் நம்ம புரோகிராமை ஓட்டிப் பார்த்து பேக் பண்றதில்ல. கோடில் இருக்கிற இம்போர்ட் வரிகளைத் தேடி, அந்த ஃபைல்களைத்தான் மூட்டை கட்டும். செட்டிங்ஸிலிருந்து வரப்போற பெயர் அதுக்கு எப்படித் தெரியும்? அப்போ சிஎஸ்இ எப்படி வந்தது? ஆரம்பத்தில் டெஸ்ட்டுக்காக நான் போட்டு, அழிக்க மறந்த ஒரு சாதாரண இம்போர்ட் வரி! அவன் ஃபைல்களில் ஒரு எழுத்துகூட தப்பில்ல.

சரி பண்ண அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஹிடன் இம்போர்ட் ஆப்ஷனில் ரெண்டு பெயரையும் கொடுத்தேன், வந்துடுச்சு. நீங்களும் இப்படிச் செய்யப் போறீங்கன்னா இன்னொண்ணு: யூசர் டைப் பண்ற பெயரை அப்படியே இம்போர்ட்_மாட்யூலுக்கு அனுப்பாதீங்க. இம்போர்ட் ஆகும்போதே அந்த ஃபைலில் உள்ள கோட் ஓட ஆரம்பிச்சிடும். அனுமதிச்ச பெயர்களை ஒரு லிஸ்ட்டில் வச்சுச் சரிபார்த்துட்டு அனுப்புங்க.

அடுத்த ரெவ்யூவில் மேம் கேட்கிறதுக்கு முன்னாடியே, போன தடவை தப்பு லோடரில்தான், அது நான் எழுதினதுன்னு சொன்னேன். அவன் அன்னிக்கும் ஒண்ணும் பேசல. வெளிய வந்ததும் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய், ரெண்டு டீ, ரெண்டு பப்ஸ் சொல்லிட்டு, காசு என்னைக் குடுக்கச் சொன்னான்.