கடலுக்கு அடியில் 292 மீட்டர்... பின்னால் ஒரு படகு!

நார்வேனு சொன்னதும் பனிமலை, ஃபியோர்டு, செஸ் கார்ல்சன்னு வரிசையா ஞாபகம் வரும். ஸ்டவாங்கர் நகரத்துல ஒரு மாசம் இருந்து பாருங்க... நாலாவதா ஒண்ணு சேர்ந்துக்கும். காருக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு நிற்கிற ஒரு இரும்புக் குண்டு!

50 மில்லிமீட்டர் விட்டம். கிரிக்கெட் பந்தைவிடச் சின்னது. ட்ரெய்லரை மாட்டி இழுக்குற இந்தக் கொக்கியை அங்கே 'ஹெங்கர்ஃபெஸ்தெ'ங்கிறாங்க. சனிக்கிழமை ஆனா போதும், ஊரே எதையாவது இழுத்துக்கிட்டுக் கிளம்பிடுது. விறகு, பழைய சோபா, படகு, கேரவன்... மலைப்பக்கம் 'ஹித்தெ'ங்கிற சின்ன மரவீட்டுல போய்த் தங்குறது அவங்க ரத்தத்துல ஊறின பழக்கம். 'இந்த கார் எவ்வளவு இழுக்கும்?'ங்கிறது, நம்மூர்ல 'மைலேஜ் எவ்வளவு?'னு கேட்கிற மாதிரி.

ஸ்டவாங்கர், நார்வேயோட எண்ணெய்த் தலைநகரம். 1969-ல வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைச்சதும் இந்த ஊரோட தலையெழுத்தே மாறிப்போச்சு. பெட்ரோலியத்துக்குனு தனி மியூஸியமே இருக்கு. ஆனா, மியூஸியம் வாசல்ல நின்னு ரோட்டைப் பார்த்தா போறது வர்றது எல்லாம் சத்தமே இல்லாத எலெக்ட்ரிக் கார்! 2024-ல நார்வேயில பதிவான புது கார்கள்ல 100-க்கு 89 எலெக்ட்ரிக். எண்ணெய் எடுத்து ஏற்றுமதி பண்ணிட்டு, இவங்க மட்டும் அருவித் தண்ணியில எடுத்த கரன்ட்ல கார் ஓட்டுறாங்க. செம விவரம்!

என் மாமாவும் அந்த ரகம்தான். வேலை எண்ணெய்க் கம்பெனி சம்பந்தப்பட்டது, வண்டி எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி. (எந்த கம்பெனினு சொன்னா இலவச விளம்பரம் ஆயிடும், விடுங்க!) செகண்ட் ஹேண்டில் வாங்கினது, கொக்கி கிடையாது. அதனால படகை இழுக்குறதுக்காக மட்டும் 2012 மாடல் டீசல் கார் ஒண்ணையும் வெச்சுக்கிட்டு இருந்தார். வருஷத்துல பத்துப் பதினஞ்சு நாள் ஓடுற வண்டிக்கு இன்ஷூரன்ஸ், பார்க்கிங், ரிப்பேர்னு காசு கரைஞ்சது. அத்தை தீர்ப்பு சொல்லிட்டாங்க. ''ஒண்ணு டீசல் போகணும், இல்லேன்னா படகு போகணும். நீங்களே முடிவு பண்ணுங்க!''

மாமா கொக்கி மாட்ட முடிவு பண்ணினார்.

எந்த ஆணியையும் தொடுறதுக்கு முன்னாடி மாமா எடுத்தது ஸ்பானர் இல்ல, வண்டியோட பதிவுச் சீட்டு. ''முதல்ல இதைப் படி மாப்ளே''னு நீட்டினார். பிரேக் உள்ள ட்ரெய்லர்னா 1,600 கிலோ வரைக்கும் இழுக்கலாம்னு அதுல இருந்தது. இந்த எண் இல்லாத வண்டிக்கு எவ்வளவு கெட்டியான இரும்பை மாட்டினாலும் ட்ரெய்லர் இழுக்க அனுமதி கிடையாது. முதல் தலைமுறை நிஸான் லீஃப் அப்படித்தான். ஐரோப்பாவுல அதுக்கு இழுவை அனுமதி இல்ல. அதுல கொக்கி மாட்டினவங்க சைக்கிள் ஸ்டாண்டை மட்டும் தொங்கவிட்டுக்கிட்டாங்க.

வொர்க் ஷாப், ஊருக்குத் தெற்கே ஃபோருஸ்ங்கிற தொழிற்பேட்டையில. வண்டியை லிஃப்ட்டுல ஏத்தினது ஒரு பொண்ணு. வயசு பத்தொன்பது, தொழில் பழகுற அப்ரென்டிஸ். பின்பக்க பம்பரைக் கழட்டி ஓரமா வெச்சாங்க. உள்ளே குறுக்கால ஒரு உலோக பீம் இருந்தது, பின்னாடி யாராவது இடிச்சா அடியை வாங்குறதுக்காக. அதைக் கழட்டிட்டு, கொக்கியோட வர்ற எஃகு பீமை அதே இடத்துல வெச்சு, வண்டியோட நீளச் சட்டங்கள்ல போல்ட் போட்டாங்க. கம்பெனியே விட்டிருக்குற ஓட்டைகள்தான், புதுசா ஒரு ஓட்டைகூடப் போடலை. காரணம் கேட்டதுக்கு, அந்தப் பொண்ணு டார்ச் அடிச்சுக் காட்டுச்சு. அடியில ஆரஞ்சு நிறத்துல தடியா ஒரு கேபிள். எலெக்ட்ரிக் கார்ல ஆரஞ்சுனா உயர் மின்னழுத்தம்னு அர்த்தம். ட்ரில்லிங் மெஷினோட அது பக்கம் போகவே கூடாது!

நாம பரீட்சை பேப்பர்ல கணக்கு போடுற 'டார்க்'கை அந்தப் பொண்ணு டார்க் ரெஞ்ச்ல ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெச்சு, 'க்ளிக்' சத்தம் வந்ததும் பெயின்ட்டால ஒரு கோடு இழுத்துச்சு. போல்ட் எப்பவாவது லூஸானா கோடு விலகிக் காட்டிக்கொடுத்துடும். எளிய ஐடியா, எந்த சென்ஸாரும் வேண்டாம்.

கொக்கியில ஒரு தகடு. வட்டத்துக்குள்ள 'ஈ' முத்திரை, பக்கத்துல 'டி-மதிப்பு' 10.2 கிலோநியூட்டன். இன்ஜினீயரிங் மக்களே, காதைக் கொடுங்க. காரோட எடையையும் ட்ரெய்லரோட எடையையும் டன்னில் பெருக்கி, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து, 9.81-ஆல பெருக்கினா டி-மதிப்பு. அட, ஃபிசிக்ஸ்ல படிச்ச 'ரெட்யூஸ்டு மாஸ்'! மாமா கார் 2.45 டன், ட்ரெய்லர் 1.6 டன்னு போட்டா சுமார் 9.5 வருது. 10.2-க்குள்ள அடங்குது, பாஸ்!

இரும்பு வேலையைவிட வயரிங்தான் நேரம் எடுத்தது. 13 பின் சாக்கெட், அதுக்கு ஒரு கன்ட்ரோல் பெட்டி, அதைக் காரோட 'கேன் பஸ்' நெட்வொர்க்கோட இணைக்கணும். கடைசியா லேப்டாப்பை மாட்டி, 'உனக்கு இனிமே வால் முளைச்சிருக்கு'னு காருக்குப் புரியவைக்கணும். இல்லேன்னா ரிவர்ஸ் எடுக்கும்போது படகைப் பார்த்து சென்ஸார் கத்திக்கிட்டே இருக்கும். எலெக்ட்ரிக் வண்டியில ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக் பெடலைத் தொடாமலே காரோட பிரேக் லைட் எரியும்போது, ட்ரெய்லர் லைட்டும் கூடவே எரியணுமே!

நாலு மணி நேரம். பில், பதினஞ்சாயிரம் க்ரோனர். நம்ம காசுக்கு லட்சத்தைத் தாண்டுது. அத்தை ஒண்ணும் பேசலை. அந்த மௌனம்தான் பயமா இருந்தது!

அடுத்த சனிக்கிழமை வெள்ளோட்டம். மாமா வீட்டுக்குள்ள போய் பாத்ரூம் எடை மெஷினைத் தூக்கிட்டு வந்தார். ட்ரெய்லரோட மூக்கை அதுமேல வெச்சா 65 கிலோ. மூக்குல பாரம் குறைஞ்சா ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளியும், கூடினா காரோட முன்பக்கம் லேசாகிடும். இன்னொரு கணக்கும் இருக்கு. சாதாரண 'பி' லைசென்ஸ்ல, ட்ரெய்லரோட உச்சவரம்பு 750 கிலோவைத் தாண்டினா, காரும் ட்ரெய்லரும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. பேட்டரியால மாமா கார் மட்டுமே 2,450 கிலோ. மிச்சம் 1,050 கிலோதான். கொக்கி தாங்கும், மோட்டார் இழுக்கும், லைசென்ஸ் விடாது! நல்லவேளை, படகு ட்ரெய்லரோட உச்சவரம்பு 1,000 கிலோ.

ஸ்டவாங்கரில் இருந்து யோர்ப்பெலன் பக்கம் போகணும்னா ஒரு காலத்துல ஃபெர்ரியில கடலைக் கடக்கணும். 2019 டிசம்பர்ல ரீஃபில்கெ சுரங்கம் திறந்ததுல இருந்து கடலுக்கு அடியிலேயே போயிடலாம். 14 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் கடல்மட்டத்துக்குக் கீழே 292 மீட்டர்!

உள்ளே இறங்க இறங்க பேட்டரி சதவிகிதம் ஏறுது. படகோட எடையும் சேர்ந்து நம்மளைத் தள்ள, மோட்டார் அதைக் கரன்ட்டா மாத்திச் சேர்த்துக்குது. டீசல் வண்டியா இருந்தா இதெல்லாம் பிரேக் சூடாவே போயிருக்கும். அடியைத் தொட்டதும் கதை தலைகீழ். 3,150 கிலோவை 292 மீட்டர் மேலே தூக்கணும். மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன், ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 2.5 யூனிட். அத்தை மீட்டரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மாமா அத்தையையே பார்த்துக்கிட்டு இருந்தார். கார் மூச்சு வாங்காம ஏறி, வெளிச்சத்துக்கு வந்துடுச்சு.

அந்தப் பக்கம் வேற உலகம். பச்சைப் பசேல் மலை, நடுவுல கண்ணாடி மாதிரி ஃபியோர்டு. ஒரு பகல் முழுக்கப் படகு. மறுநாள் பிரெய்க்கெஸ்தூலன் பாறை. 604 மீட்டர் உயரத்துல மேஜை மாதிரி தட்டையா நிற்குது, ஓரத்துல வேலி கிடையாது. எட்டிப் பார்த்தா கீழே லீஸெஃபியோர்டு, வயித்துக்குள்ள பட்டாம்பூச்சி!

எல்லாமே சுகம்னு சொல்லிட முடியாது. வழக்கமா 100 கிலோமீட்டருக்கு 19 யூனிட் குடிக்கிற கார், படகோட 28 குடிச்சது. திரும்பும்போது சார்ஜ் போட நின்னா, சார்ஜர் ஒரு கார் நிற்கிற இடத்துக்குள்ள இருக்கு. படகோட உள்ளே நுழைய முடியாது. ட்ரெய்லரைக் கழட்டி ஓரமா நிறுத்தி, சார்ஜ் போட்டு, திரும்ப மாட்டி... இருபது நிமிஷ வேலை. பெட்ரோல் பங்க் மாதிரி நேரா உள்ளே போய் நேரா வெளியே வர்ற சார்ஜர்கள் நார்வேயில வர ஆரம்பிச்சிருக்கு. அன்னிக்கு எங்க கண்ணுல படலை.

அடுத்த வாரம் டீசல் காரை விக்கிறதுக்கு மாமா விளம்பரம் கொடுத்துட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. சாவியைக் கொடுத்த அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கரகரத்தார். ''நல்லா உழைச்சுது மாப்ளே. படகு மட்டும் இல்லேன்னா எப்பவோ போயிருக்கும்.''

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எலெக்ட்ரிக் வண்டி டிசைன் பண்ணப்போற நண்பர்களே, டாப் ஸ்பீடு, ரேஞ்ச் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அந்த வண்டியை வாங்கப்போற வீட்டுல சனிக்கிழமை என்ன வேலை நடக்கும்னு முதல்ல கேட்டுட்டு வாங்க. பழைய வண்டி அந்த வீட்டை விட்டுப் போகுமா, போகாதானு முடிவு பண்றது அதுதான்!