பதினாறு கிலோபைட்டில் ஐந்திணை

தாயக்கட்டைக்கு நான்கு முகம். ஒன்று வெறுமை; மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று. கணினியோடு பழகிய எவர் கையில் அதைக் கொடுத்தாலும் சட்டென்று பிடிபடும்: பூஜ்யம் முதல் மூன்று வரை என்றால் சரியாக இரண்டு பிட். ஜோடிக்கு நான்கு பிட். ஒரே பைட்டில் ஜோடியை இரண்டு முறை உருட்டிய கணக்கு அடங்கிவிடும். மெல்பர்னில் எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமைகளில் நடக்கும் கதையாட்டம் முழுக்க இந்த இரண்டு பிட்டின்மேல்தான் நிற்கிறது.

கதையாட்டம் என்று நாங்கள் சொல்வது, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியில் வந்த மேசை ஆட்டத்தை. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாக உட்காருவார்கள். ஒருவர் மட்டும் உலகத்தை நடத்துவார். கடையில் விற்கும் உலகத்தை வாங்கியும் நடத்தலாம். நாங்கள் சொந்தமாக உண்டாக்கியதை நடத்துகிறோம். அந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். ஆர்னிசனின் பிளாக்மூரும் கைகாக்ஸின் கிரேஹாக்கும் அவரவர் நண்பர்களோடு ஆடுவதற்காக அவர்கள் கட்டிய உலகங்கள்.

எங்கள் வரைபடம் ஐந்திணை. பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு அது வெறும் அட்டவணையாக நினைவிருக்கலாம். உலகம் நடத்துகிறவனுக்கு அது முழு விதிப்புத்தகம். ஒவ்வொரு நிலத்துக்கும் தொழில், தெய்வம், மக்கள், பொழுது, பறை, யாழ் வரைக்கும் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு நெருக்கமானது பாலை. சிலப்பதிகாரம் அதைத் தனி நிலமாக வைப்பதில்லை. மழை பொய்த்த மலையும் காடும் அடைகிற நிலைமையாகச் சொல்கிறது. அப்படியென்றால் வரைபடமே மாறும். அதையே விதியாக்கினேன். குறிஞ்சிக் கட்டமோ முல்லைக் கட்டமோ தொடர்ந்து இரண்டு பருவம் மழை காணாவிட்டால் பாலையாகும். அங்கே பிழைப்பிழந்தவர்கள் வழிப்பறியில் இறங்குவார்கள். மழை வந்தால் பழைய நிலம் திரும்பும். நீர்த்தேக்கங்களின் அளவைச் செய்தியில் கேட்டு வளர்ந்த விக்டோரியாப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

இருபது முகக் கட்டையை உருட்டினால் எந்த எண்ணுக்கும் இருபதில் ஒரு வாய்ப்பு. ஜோடித் தாயக்கட்டை பதினாறு விதமாக விழும். அதில் மூன்று என்பது நான்கு விதத்தில் வரும். இரண்டும் நான்கும் மும்மூன்று விதத்தில். தாயமும் ஐந்தும் இவ்விரண்டு விதத்தில். ஆறு ஒரே விதத்தில். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் ஒரே விதம். பழகிய வேலையைப் பழகியவன் செய்தால் பலன் நடுவில்தான் விழ வேண்டும். இந்தக் கட்டையில் அப்படித்தான் விழுகிறது. பன்னிரண்டு மட்டும் கூட்டத்தை விட்டுத் தொலைவில் போய் நிற்கிறது, அதிசயத்துக்கென்றே ஒதுக்கிய இடமாக. எங்கள் வீட்டு வழக்கில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு. பதினாறில் ஆறு வாய்ப்பு. இருபது முகக் கட்டை ஆடுகிறவர்கள் ஒன்று விழுந்தால் முகம் வாடுவார்கள். தாய ஆட்டத்திலோ ஒன்று விழாமல் காய் கட்டத்துக்குள் நுழையாது. அதனால் எங்கள் மேசையில் தாயம் விழுந்தால், யாரும் எதிர்பாராத ஒன்று கதைக்குள் நுழைகிறது. என்ன நுழைந்தது என்பதை உருட்டியவரே சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை முதன்முதலாக வாய் திறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஆட்டக்காரர் வந்து கதவைத் தள்ளும்வரை உள்ளே இருக்கிற கள்வன் கத்தியைப் பிடித்தபடியே நிற்பான் என்றால் அந்த உலகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆட்டக்காரர் பார்க்காத நேரத்திலும் உலகம் நடந்துகொண்டிருக்க வேண்டும். இந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது இதே மெல்பர்னில் எழுதப்பட்ட ஒரு கணினி ஆட்டத்திலிருந்து. மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்களான வெரோனிகா மெக்லரும் ஃபிலிப் மிட்செலும் பீம் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக எழுதிய ‘தி ஹாபிட்’ 1982இல் வெளிவந்தது. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் கணினியில் ஓடிய சொல்லாட்டம் அது. நீங்கள் ஒன்றும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் காலம் நகரும். காண்டால்ஃப் தன்பாட்டுக்கு வருவார், போவார். தோரின் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்குவார். உங்களுக்கு வேண்டிய ஒருவர் நீங்கள் போகாத இடத்தில் செத்தும் போயிருக்கலாம். அதைக் குறை என்றவர்கள் உண்டு. எனக்கு அந்த நிரலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்தைய குகைச் சாகச ஆட்டம் ஒருமுறை தீர்த்ததும் அலுத்துப்போனதுதான் மெக்லரை இப்படி யோசிக்க வைத்தது. இருபது வயதை ஒட்டிய ஒரு மாணவி, இன்று ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாத நினைவகத்தில், தன்னிச்சையாக உலவும் மனிதர்களைக் குடியேற்றினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கையில் வேலை ஓடும்.

சிட்னியிலும் அதே காலத்தில் ஒரு வேலை நடந்தது. 1983இல் ரோஜர் கீட்டிங்கும் இயன் டிரவுட்டும் தொடங்கிய ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ் குரூப், அட்டைப் போர் ஆட்டங்களின் நுணுக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. தங்கள் போர் ஆட்டங்களோடு, வாங்குகிறவர் தாமே களம் அமைத்துக்கொள்ளும் கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களை மதித்த காரியம் அது.

என் மேசையின் ஓரத்தில் இருப்பது மைக்ரோபீ. சிட்னிக்கு வடக்கே கோஸ்ஃபோர்டில், ஓவன் ஹில்லின் அப்ளைடு டெக்னாலஜி தயாரித்த ஆஸ்திரேலியக் கணினி. 1982இல் ‘யுவர் கம்ப்யூட்டர்’ பத்திரிகை வழியாக, வாங்குகிறவரே ஈயம் வைத்துப் பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்பாக அறிமுகமாகி, பிறகு நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளுக்குள் பரவலாகப் போனது. இசட்80 சிப், என்னுடையதில் பதினாறு கிலோபைட் நினைவகம். அதற்கு பேட்டரித் துணை உண்டு. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே இருப்பது அழியாது. வாரம் முழுக்க ஓர் உலகத்தைப் பத்திரமாக வைத்திருக்க இதைவிட என்ன வேண்டும்? என் கைக்கு வந்தபோது பழைய பேட்டரி ஒழுகி, பலகையில் பச்சை பூத்திருந்தது. ஒழுகுவது காரம் என்பதால் முதலில் வினிகர் தொட்ட பல் தூரிகை. நுரை அடங்கியதும் ஐசோபிரப்பைல் ஆல்கஹால். அதற்குப் பிறகுதான் சால்டரிங் அயர்ன். புதிய செல்லைப் பலகைக்கு வெளியே ஒரு ஹோல்டரில் வைத்து, மின்சாரம் திரும்பிச் செல்லுக்குள் பாயாதபடி ஒரு டயோடு போட்டேன். இனி ஒழுகினாலும் பலகைக்கு ஆபத்தில்லை.

திரையில் தமிழ் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மைக்ரோபீயில் 128 எழுத்து வடிவங்களை நாமே வரையலாம். எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். 63488ஆம் முகவரியிலிருந்து எழுத்துக்குப் பதினாறு பைட்டாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். தமிழுக்கு இது போதுமா? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு 4. ஆகமொத்தம் 125. மற்றவை இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்தாலே வந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழும் பழைய வடிவிலேயே வேண்டுமென்றால் 132 ஆகி, இடம் போதாமல் போயிருக்கும். மிச்சம் மூன்று. ஙகரத்தின் இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் எந்தச் சொல்லிலும் வருவதில்லை. அவற்றை எடுத்ததும் ஏழு. அதில் ஐந்து திணைக்கும் ஐந்து சின்னம் வரைந்தேன்.

அகலம்தான் பாடாய்ப் படுத்தும். எட்டுப் புள்ளிக்குள் இரண்டு சுழி ன அடங்கிவிடும். மூன்று சுழி ண அடங்காது. கடைசிச் சுழியை மூடாமல், ஒரு புள்ளிக் கோடு, ஒரு புள்ளி வெளி என்று நிறுத்தினால், பச்சைத் திரையில் ஒளி சற்றே கசிந்து கண் அதைச் சுழியாகவே வாசித்துவிடுகிறது. ‘மணல்’ என்ற சொல் தடுமாறாமல் வாசிக்க வந்த இரவில் தூக்கம் வரவில்லை.

உலகம் இவ்வளவுதான்: நாற்பதுக்குப் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட், 480. முப்பது மனிதர்கள், ஒருவருக்கு நான்கு பைட், இடத்துக்கு இரண்டு, விருப்பத்துக்கு ஒன்று, நிலைக்கு ஒன்று, 120. மொத்தம் அறுநூறு பைட். இந்த நான்கில் விருப்பம்தான் முக்கியம். விற்க வேண்டும், வீடு திரும்ப வேண்டும், பழிவாங்க வேண்டும், ஒளிய வேண்டும் என்று எட்டே வகை. பெயரும் முகமும் பேச்சும் என் நோட்டில் இருக்கின்றன. இயந்திரத்துக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எதற்காக நகர்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். வார நடுவில் ஓர் இரவு உலகத்தை ஒரு சுற்று ஓட விடுவேன்.

அந்தச் சுற்றுக்குக் கட்டை உருட்டுவது இசட்80 சிப்பிலுள்ள ஆர் என்ற பதிவகம். ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் அது ஒன்று ஏறும். 127ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். விசை அழுத்துவதற்காக நிரல் ஒரே சுற்றில் காத்திருக்க, நான் அழுத்தும் கணத்தில் அதைப் படித்துக் கடைசி நான்கு பிட்டை எடுத்தால் ஜோடித் தாயக்கட்டை. காத்திருக்கும் சுற்றில் கட்டளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். முன்னொட்டு உள்ள கட்டளையை இரண்டாக எண்ண வேண்டும். இரட்டைப்படை ஆகிவிட்டால் கடைசி பிட் மாறவே மாறாது, ஒரு கட்டை இரண்டே முகத்தைக் காட்டும். ஆனால் இதெல்லாம் திரைக்குப் பின்னால் நடப்பவற்றுக்கு மட்டும். ஆட்டக்காரர் செய்யும் செயலுக்குப் பித்தளைக் கட்டையை அவரே கையில் உருட்டி எறிய வேண்டும். அந்தச் சத்தத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன கோடைப் பருவச் சுற்றில் மேற்கே இரண்டு முல்லைக் கட்டங்கள் பாலையாயின. நெய்தலிலிருந்து மலைக்கு உப்பு வண்டி ஓட்டும் உமணர் ஒருவர் அந்த வழியில் இருந்தார். பிள்ளைகள் அவரை ஒரு முறைதான் சந்தித்திருந்தார்கள். அவர் வண்டியிலேயே மலைக்குப் போவதாகத் திட்டம். இயந்திரம் அவரையும் கள்வரையும் ஒரே கட்டத்தில் நிறுத்தியது. கட்டை அவருக்கு எதிராக விழுந்தது. சனிக்கிழமை மாலை பிள்ளைகள் துறையில் காத்திருக்க, வண்டி வரவில்லை.

“மாமா, அவரு ஏன் வரல?”

“போய்ப் பாருங்க” என்றேன்.

தேடிப் போய்க் கவிழ்ந்த வண்டியைக் கண்டார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி என்னையே உற்றுப் பார்த்துக் கேட்டாள்: “இது நீங்க எழுதினதா மாமா, இல்ல அதுவா நடந்ததா?” திரையைத் திருப்பிக் காட்டினேன். கட்டங்களை விரலால் எண்ணி, வறண்ட இரண்டையும் அவளே கண்டுபிடித்தாள். பழிவாங்கப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். மலையில் உப்பு தீர்ந்துவிடுமே என்று அவள் சொன்னதும் மேசை முழுவதும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. எருதுகளைப் பிடித்து, வண்டியை நிமிர்த்தி, பாலையின் நண்பகலைத் தவிர்க்க இரவில் ஓட்டுவது என்று முடிவெடுத்தார்கள். நான் தயாரித்து வைத்திருந்த எதிலும் இது இல்லை.

இப்போது அவர்களுக்கு விலை சொல்லத் தெரிய வேண்டும். சங்கப் பாட்டுகளில் நெல்லும் உப்பும் அளவுக்கு அளவு கைமாறுகின்றன. உமணர் வராத மலையில் அந்த விகிதம் அப்படியே நிற்காது. மழைக்கும் தூரத்துக்கும் ஏற்ப அது ஏறி இறங்குவதற்கான கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுநூறு பைட்டோடு இன்னும் இரண்டு சேரும், நெல்லுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று.