பிறவிக் குணமும் பெற்றோர் மனமும்

எங்கள் மகளுக்கு மக்கள் இருவர். மூத்தவன் பிறந்தபோது, வீட்டில் கைக்குழந்தை இருப்பதே தெரியவில்லையே என்று அண்டை வீட்டார் வியந்தனர். நேரத்திற்குப் பசித்தான், நேரத்திற்கு உறங்கினான், யார் கை நீட்டினாலும் தாவினான். அவனை வளர்த்த பெருமை முழுவதையும் நாங்களே எடுத்துக்கொண்டோம்.

மூன்றாண்டுகள் கழித்துப் பேத்தி பிறந்தாள். குக்கர் கூவினால் வீறிட்டாள். குளிப்பாட்டினால் உடல் விறைக்க அழுதாள். ஒருநாள் உறங்கிய வேளையில் மறுநாள் விழித்திருந்தாள். பார்க்க வந்தோர் பால் போதவில்லை என்றனர், கண்ணேறு என்றனர். நாங்களோ அவற்றினும் கொடியதொன்றைச் சொன்னோம்: "மூத்தவன் இப்படி இல்லையே, நீ என்னம்மா செய்கிறாய்?"

அன்றிரவு அடுக்களையில் விளக்கைப் போடாமல் அமர்ந்து எங்கள் மகள் விம்மிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டபின்தான் எங்கள் சொல்லின் கூர்மை எங்களுக்கே உறைத்தது.

மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். எடை பார்த்தார், காது, வயிறு யாவும் சோதித்தார். குழந்தை நன்கு வளர்கிறாள், நோய் ஏதுமில்லை, இது அவளது இயல்பு என்றார். பிறந்து ஆறு வாரமளவில் அழுகை மிகுவதும், மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலும் தணிவதும் வழக்கம் என்றும் தேற்றினார்.

இதுபற்றிப் பின்னர் தேடிப் படித்தோம். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். துறுதுறுப்பு, உறக்கம் பசி இவற்றின் ஒழுங்கு, புதியதை ஏற்கும் விதம், உணர்ச்சியின் வேகம் முதலான ஒன்பது கூறுகளில் குழந்தைகள் தொடக்கத்திலேயே வேறுபடுவதைக் கண்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் எளிதில் இணங்குவோர்; 10 பேர் கடினமானோர்; 15 பேர் மெல்ல மெல்லப் பழகுவோர்; எஞ்சியோர் கலப்பியல்பினர். குழந்தையின் இயல்பு மட்டுமே அதன் எதிர்காலத்தை முடிவு செய்வதில்லை, அவ்வியல்போடு பெற்றோரின் அணுகுமுறை எவ்வளவு பொருந்துகிறது என்பதே முதன்மையானது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அதன்பின் நாங்கள் மாற்றியவை சிறியவையே. குளியல் நீரில் முதலில் பாதத்தை நனைத்தோம். அந்தி சாய்ந்ததும் விளக்கொளியையும் பேச்சொலியையும் குறைத்தோம். உறக்கத்திற்குமுன் செய்பவற்றை நாள்தோறும் ஒரே வரிசையில் செய்தோம். பெருநாளன்று கைக்குக் கை மாற்றாமல், உம்மாவின் மடியிலிருந்தே அனைவரையும் பார்க்கவிட்டோம். இரவு அழுகையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டோம். பொறுமை எல்லை கடக்கும்போது குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சற்று அகல்வதே முறை. ஒருபோதும் குலுக்கலாகாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

காய்ச்சலோ, பால் குடிக்க மறுப்பதோ, வழக்கத்திற்கு மாறான அழுகையோ கண்டால், இயல்பென்று வாளாவிருக்காமல் மருத்துவரை நாடவேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பேத்திக்கு இப்போது வயது நான்கு. இன்றும் விருந்தினர் வந்தால் கதவோரம் நின்றுதான் பார்ப்பாள். கால்மணி நேரம் பொறுத்தால் தானே வந்து தன் பொம்மையைக் காட்டுவாள். அந்தக் கால்மணி நேரத்தைக் கொடுக்க நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எங்கள் மகளிடமும் மன்னிப்புக் கேட்டோம். "போகட்டும் வாப்பா" என்று சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. அன்பார்ந்த பெற்றோரே, பாட்டன் பாட்டிமாரே! அழுகிற குழந்தையின் வீட்டிற்குச் செல்லும்போது அறிவுரையை வாசலில் வைத்துவிட்டு, அந்தத் தாய் ஒருவேளை நிம்மதியாக உண்ணும்வரை பிள்ளையை ஏந்திக்கொள்ளுங்கள். நாங்கள் காலம் தாழ்த்திச் செய்ததை நீங்கள் முதல் நாளிலேயே செய்யலாம் அன்றோ?