திறக்காத கதவுக்குத் திரும்புதல்

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்’ விளையாட்டில் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. காஃப் மலைக்குள் நாயகன் சார்கோன் ஓடிக்கொண்டிருக்கிறான். ஒரு கதவு திறக்கவில்லை, ஒரு மேடை எட்டவில்லை. அந்த இடத்தை அப்படியே படம் பிடித்து வரைபடத்தில் குத்திவைத்துவிட்டு வேறு பக்கம் போகலாம். பிறகு எங்கோ ஒரு மூலையில் புது ஆற்றல் கிடைக்கும். காற்றிலேயே இன்னொரு முறை தாவ வரும். அப்போது வரைபடத்தைத் திறந்தால், எந்த இடத்தில் நின்றுபோனோம் என்று அந்தப் படம் காட்டும். 2024 ஜனவரியில் வந்த விளையாட்டு. எனக்குப் போன வருஷம்தான் வாய்த்தது. கடந்த ஓராண்டில் விளையாடியவற்றை நினைக்க உட்கார்ந்தால், எதில் தொடங்கினாலும் மனசு அந்தக் குத்திவைத்த படங்களில்தான் போய் நிற்கிறது.

பழைய பிரின்ஸை எனக்குக் காட்டியது புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. தொண்ணூறுகள். செருப்பை வெளியே விட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். பாடம் முடிந்து சார் நல்ல மனநிலையில் இருந்தால் விளையாட விடுவார். ஜோர்டன் மெக்னர் என்கிற இளைஞர் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்தது அது. தன் தம்பியை ஓடவும் தாவவும் தொங்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருக்கிறார். அதனால்தான் அந்த வெள்ளுடைப் பையன் முள்ளில் விழும்போது நமக்கு அடிவயிறு சில்லிட்டது. இளவரசியை மீட்க 60 நிமிஷம் கெடு. எங்களுக்குக் கிடைத்ததோ அதைவிடக் குறைந்த நேரம். கடைசி மாடியை நான் பார்த்ததே இல்லை.

புதிய பிரின்ஸைச் செய்தவர்கள் பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகரத்தில் இருக்கும் யூபிசாஃப்ட் கலைக்கூடத்தார். அதே ஊரிலிருந்துதான் இந்த வருஷம் என்னை முழுதாக எடுத்துக்கொண்ட விளையாட்டும் வந்தது: ‘கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’. சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்கிற சிறிய குழு 2025 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டது. அந்த டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது அதற்குத்தான்.

லூமியேர் என்கிற நகரம். ஐஃபெல் கோபுரம் வளைந்து முறுகி நிற்கிறது. கடலுக்கு அப்பால் பெரிய கல்தூண். அதன் அடியில் ஓவியக்காரி ஒருத்தி. ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து, தூணில் இருக்கிற எண்ணை அழித்து ஒன்று குறைத்து எழுதுவாள். அந்த வயதுள்ளவர்கள் எல்லாரும் பூவிதழாக உதிர்ந்து காற்றில் கரைந்துபோவார்கள். அவளைத் தடுக்க வருஷந்தோறும் ஒரு படை கிளம்புகிறது. வென்று திரும்பியவர் கிடையாது. ஆனாலும் போகிறார்கள், தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக. வழியெல்லாம் முந்தைய படையினர் விட்டுப்போன குறிப்புகள் கிடக்கும். எடுத்துக் கேட்டுக்கொண்டே நடக்கலாம்.

இந்த விளையாட்டைப் பிரெஞ்சுக் குரலில் வைத்துத்தான் ஆடினேன். பாட்டுகளும் பெரும்பாலும் பிரெஞ்சுதான். லோரியன் டெஸ்டார் இசை. அந்தக் குறிப்புகளைக் கேட்கக் கேட்க எங்கள் வீட்டு அலமாரி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

தாத்தா சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா போய்வந்தவர். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் உறுதியாகி ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். தாத்தா வேண்டும் என்றார். ஜூலை 14 வந்தால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போவார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன். அவர் எழுதிய குறிப்பேடு ஒன்று அம்மாவிடம் இருந்தது, முழுக்கப் பிரெஞ்சில். பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்து ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். அந்தச் சாய்ந்த கையெழுத்துக்குள் நுழைய முடியவில்லை. வைத்துவிட்டேன்.

அதுதான் நான் குத்திவைத்த படம்.

லூமியேர்க்காரர்கள் பேசுவதை மாதக்கணக்கில் கேட்ட காது கொஞ்சம் இளகியிருந்தது. குறிப்பேட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படித்தேன். கண்ணுக்குப் பிடிபடாத சொற்கள் காதுக்குப் பிடிபட்டன. பெரிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை தாத்தா. மழை. வராத சம்பளம். காய்ச்சலில் கிடந்த காரைக்கால் நண்பர். ஊருக்குப் போனதும் அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி. நான் பார்த்த தாத்தா எழுபது வயதுக்காரர். எழுதியவருக்கு இருபத்துமூன்று. அந்த இளைஞரை நான் சந்தித்தது இந்த வருஷம்தான்.

நடுவில் ‘சில்க்சாங்’ என்கிற பூச்சி உலகமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 2025 செப்டம்பரில் வெளியிட்டது. கடுமையான விளையாட்டு, அழகான கோபுரங்கள். அதை எனக்குப் பரிசாக அனுப்பியவன் அக்கா மகன். பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் புரியும், பேசத் தயங்குவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு திரையில் விளையாடுவோம். நான் அரைகுறைப் பிரெஞ்சில், அவன் அரைகுறைத் தமிழில்.

அவனுக்குப் பதில் பரிசாக நான் அனுப்பியது ‘வெண்பா’. டொரன்டோவில் அபி என்கிற தமிழரும் அவருடைய விசை கேம்ஸ் குழுவும் செய்தது. 2023 ஜூலையில் வந்தது. மறு வருஷம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. 1988-ல் கனடாவில் வெண்பாவும் பாவலனும் புது வாழ்க்கை தொடங்குகிறார்கள். மகன் கவின். கையில் இருப்பது வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் புத்தகம்; சில பக்கம் கிழிந்திருக்கிறது, சில இடம் அழிந்திருக்கிறது. விட்டுப்போன படியை நாம்தான் யோசித்துச் சமைத்தாக வேண்டும். வானொலியில் அந்தந்தக் காலத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதுப் பாட்டுகள். மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் திரும்பத் திரும்ப ஆடுகிறேன். சின்ன வயதில் தமிழைத் தள்ளிவைக்கிற கவின், வளர்ந்த பிறகு அந்தப் புத்தகத்தோடு தானே அடுப்படியில் நிற்கிறான். சினிமாவாக இருந்தால் அவன் சமைப்பதைப் பார்த்து அழுதுவிட்டுப் போயிருப்பேன். இங்கே தட்டை அடுக்குவது என் கை. தவறாக அடுக்கினால் இட்லி கெடும்; மறுபடி அடுக்க வேண்டும். அந்த அக்கறையைக் கையில் பழக்கிவிட வேறெந்தக் கலையாலும் முடியாது என்று நம்புகிறேன்.

அதை முடித்த ராத்திரி அக்கா மகனே போன் செய்தான், எனக்கு அல்ல, அம்மாவுக்கு. “ஆயா, இட்லித் தட்ட ஏன் மாத்தி மாத்தி வைக்கணும்?” முழு வாக்கியம், தமிழில். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “குழிக்கு நேரா குழி வந்தா மேல் தட்டு கீழ இருக்கற இட்லிய அமுக்கிடும், கண்ணு.” அப்புறம் அரிசி ஊறுவது, உளுந்து அரைப்பது, அங்கே குளிரில் மாவு புளிக்க எங்கே வைப்பது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. தாத்தாவின் மீன்குழம்பு வரியை நான் வாசித்துக் காட்டினேன். பிரெஞ்சு அவனுக்கு உடனே புரிந்தது. குழம்பு எப்படி வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியும்.

விளையாட்டில் வருகிற புட்டைத்தான் அடுத்துச் செய்யப்போகிறானாம். எங்கள் வீட்டில் இட்லிப் பானையில் துணி கட்டித்தான் அவிப்போம், குழல் கிடையாது. இந்தச் சனிக்கிழமை பெரிய மார்க்கெட் பாத்திரக் கடையில் இரண்டு குழல் வாங்கப்போகிறேன், ஒன்று சார்செல்லுக்கு, ஒன்று எங்களுக்கு.