இலைக்கு முன்னால்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தருகே நண்பகலில் ஏதேனும் ஓர் உணவகத்துள் நுழைந்தால், மனிதரைப் படிக்க வேறு நூல் வேண்டுவதில்லை. இடம் கிடைக்காதவர் உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையை எட்டிப் பார்ப்பார். அவரே அமர்ந்தபின், தம் முதுகுக்குப் பின் நிற்பவரை நாகரிகமற்றவராகக் கருதுவார். வீட்டில் உப்புக் குறைந்தாலும் வாய் திறவாதவர், இங்கே சாம்பார் ஆறிவிட்டதென்று பரிமாறுபவரை அதட்டுவார். அவரைத் 'தம்பி' என்பவரும் உண்டு. விரலைச் சொடுக்கி அழைப்பவரும் உண்டு. கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் எல்லாரும் புன்னகை வைத்திருப்பார்கள்.

இவற்றைப் பிறர் குறைகளாகவே கண்டு நாம் சுவைத்திருந்தோம், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வரை.

அன்று கல்வராயன் மலையிலிருந்து புளி விற்க இறங்கிய முதியவர் ஒருவர் மனைவியுடன் வந்தார். மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது, மலையை ஆள்பவர் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.) நின்றபடியே சாப்பாட்டின் விலையைக் கேட்டார் முதியவர். மனைவியிடம் ஏதோ மெல்லப் பேசிவிட்டு, ஒரு சாப்பாடு போதும் என்றார். பரிமாறுபவர் நம் மேசையைக் காட்டினார். மூட்டை சுமந்த உடம்பின் வியர்வை வாடை முன்னே வந்தது. செபித்துவிட்டு உண்ணத் தொடங்கியிருந்த நாம், மேசைமீதிருந்த நம் பையைச் சற்றே நம் பக்கம் இழுத்துக்கொண்டோம். ஒரு சாண் இருக்கலாம். அந்த அம்மாள் பையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். கணவரின் தோளைத் தொட்டார். இருவரும் கைகழுவும் தொட்டியருகே கிடந்த பெஞ்சுக்குப் போய்விட்டனர்.

உணவகங்களுள் நுழைய எக்குடிமகனையும் சாதி, சமயம், பிறப்பிடம் காட்டித் தடுக்கலாகாதென்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 1950 முதல் சொல்லிவருகிறது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைக் கண்டித்து நாமும் மேடையில் பேசியதுண்டு. அங்கே குவளையாவது சாட்சிக்கு அகப்படும். பையை இழுத்தவன்மேல் எந்த வழக்கு நிற்கும்? எழுந்து சென்று அவர்களை அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. சோறு தொண்டையில் அடைத்தது என்று எழுதினால் பொய்யாகும். பாயசம் வரை உண்டோம்.

மறு ஆண்டு மழைக்காலத்தில் ஓர் அலுவலாகக் கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்கு ஏறினோம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கொத்தடிமையாய் உழைத்த மக்களின் மலை அது. உள்ளே ஒரு சிற்றூருக்கு நடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே உணவகம் ஏது? திண்ணையில் ஒதுங்கிய நம்மை அந்த வீட்டம்மாள் உள்ளே அழைத்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நனைந்து சொட்டிய பையை வாங்கி அடுப்பருகே உலர வைத்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இட்டு, நாம் உண்டு முடிக்கும்வரை எதிரே அமர்ந்திருந்தார். உப்புப் போதுமா என்று மட்டும் கேட்டார்.

கைகழுவிய பின் எவ்வளவு தரவேண்டும் என்றோம். முதலில் அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும், அடுத்த வீட்டாரைக் கூவி அழைத்து, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.